ஓரத்தில் வைத்த கை

முருகன் துணை.

இதை எழுத உட்காருவதும், பேனாவை மூடிவிட்டு எழுந்து போவதுமாகப் பல வருஷங்களைக் கழித்துவிட்டேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துப் பிழை வருமே என்ற கூச்சம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று உண்டு. இதில் ஓர் அம்மா வருகிறார், தன் முகம் படத்தில் வர வேண்டாம் என்று சொன்னவர். அவரைப் பற்றி ஊரறிய எழுதுவது தகுமா என்று சந்நிதியில் நின்று கேட்டிருக்கிறேன். பதில் என்று ஒன்றும் வரவில்லை. மனசு மட்டும் மெல்ல மெல்ல இளகிவிட்டது.

எங்கள் கோயில் இளைஞர்கள் திருவிழா மலர் போடுகிறார்கள். "ஐயா, நீங்க பழைய காலத்துப் படக்கடையில வேல செஞ்சவரு. படத்துல ஆளுங்கள எங்க நிறுத்துறது, எங்க எடம் விடுறது, அத எழுதிக் குடுங்க. இப்ப ஆளுக்கொரு கேமரா வச்சிருக்கோம், கடையில மிஷின்ல போட்டா ஒரு மணி நேரத்துல கலர்ல வந்துருது. ஆனா பாத்தா ஒன்னும் மனசுல நிக்கலையே" என்றார்கள். அதற்கு எனக்குத் தெரிந்த பதில் இந்த ஒரு சம்பவம்தான்.

நான் வேலை செய்த ஸ்டூடியோ மலாக்கா டவுனில், ஆற்றுக்குக் கிட்ட இருந்தது. கூட்டிப் பெருக்க வந்தவன், தண்ணீர்த் தொட்டி கழுவினேன், இருட்டறைக்குள் போனேன், கடைசியில் கேமராவுக்குப் பின்னால் நின்றேன். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான். கடையைத் தொடங்கிய, மலாய் பேசும் பாபா சீனருக்குக் கண்ணில் பூ விழுந்த பிறகு அவருடைய மனைவி கடையை எடுத்து நடத்தினார். பாபா வீட்டுப் பெண்களை அழைக்கிற வழக்கப்படி எல்லோரும் அவரை நோன்யா என்றே கூப்பிடுவோம். கெபாயா சட்டையும் சாரோங்கும் உடுத்தி, கொண்டையில் ஊசி குத்தி, காலையில் வந்து நின்றாரானால் கடையே வாயை மூடிக்கொள்ளும்.

மேல்மாடியில் பாதிக் கூரை கண்ணாடி. அதற்குக் கீழே கம்பியில் கோத்த வெள்ளைத் துணிகள். கொக்கி வைத்த ஒரு மூங்கில் கழியால் நோன்யா அந்தத் துணிகளை இழுப்பார், விலக்குவார். வெயில் அப்படியே இறங்கக் கூடாது. துணியில் ஊறி, தேங்காய்ப்பால் மாதிரி ஆன பிறகுதான் மனிதர்கள் மேல் விழ வேண்டும். மேகம் போனால் அறை முழுக்க ஒரு தரம் மங்கித் தெளியும். அந்த அறையில் நிற்கும்போதெல்லாம், தூங்கி எழுந்து இன்னும் முழுசாக விழிக்காத ஒரு நேரத்தில் இருப்பது போலவே எனக்குத் தோன்றும். இன்றும் கனவில் அந்த வெளிச்சம் வருகிறது. ஆட்கள் வருவதில்லை, வெளிச்சம் மட்டும் வருகிறது.

கேமரா பெரிய மரப்பெட்டி. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் பின்பக்கத்துத் தேய்த்த கண்ணாடியில் எதிரில் இருப்பவர்கள் தலைகீழாகத் தெரிவார்கள். முதலில் எனக்குத் தலை சுற்றியது. பழகப் பழக அதன் அருமை புரிந்தது. தலைகீழாகப் பார்க்கும்போது இவர் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, இவர் கடைக்காரர் என்பதெல்லாம் போய்விடும். ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு, ஒரு சாய்ந்த கோடு, நடுவில் ஒரு வெற்றிடம், அவ்வளவுதான் மிஞ்சும். ஆண்டவன் மேலிருந்து பார்த்தால் நாமும் அப்படித்தான் தெரிவோமோ என்று நினைத்துக்கொள்வேன்.

நோன்யாவும் துணிக்குள் குனிந்து பார்ப்பார். வெளியில் வந்து அவர் சொல்வது இரண்டே மலாய்ச் சொற்கள். ஒன்று 'பெராட்', பாரம். இன்னொன்று 'கோசோங்', காலி. "இந்தப் பக்கம் பெராட்" என்றால் கறுத்த கோட்டு போட்டவரை நகர்த்த வேண்டும். "அங்கே கோசோங் வேண்டும்" என்றால் ஒருவர் பார்க்கிற திசையில் அவருடைய பார்வை போய் உட்கார இடம் விட வேண்டும். மூக்குக்கு நேரே படம் முடிந்துவிட்டால் அந்த மனிதர் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பதாகத் தெரியும். தலைக்கு மேல் கொஞ்சம் ஆகாசம் விடாவிட்டால் மூச்சு முட்டும். மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த சமயத்தில் குடியுரிமைப் பத்திரத்துக்காக ஜனங்கள் வாசல்வரை வரிசையில் நின்றபோதுகூட, அந்தத் தபால்தலை அளவுப் படத்துக்கும் தலைக்கு மேலே இடம் விட்டுத்தான் எடுக்கச் சொன்னார். "நீண்ட நாள் இந்த ஊரில் இருக்கப் போகிறவர்கள், நிமிர்ந்து நிற்க இடம் வேண்டாமா" என்பார்.

அவர் ஆளைத் தொட்டு நகர்த்த மாட்டார். கழியின் நுனியால் தரையில், நிற்பவர்களின் கால் வர வேண்டிய இடத்தில் மெல்லத் தட்டுவார். அவர்களும் மந்திரித்த மாதிரி அங்கே போய் நிற்பார்கள். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும்.

காஜா பெராங்கிலிருந்து, தலைமுறைகளாக மலாக்காவிலேயே ஊறிய சிட்டிக் குடும்பங்கள் வரும். நெற்றியில் நம் திருநீறு, நம் சாமி பெயர், பேச்சு மட்டும் மலாய். நான் தமிழில் வாங்க என்பேன். அவர்கள் சிரித்துக்கொண்டே நோன்யாவிடம் போய் மலாயில் அக்கா தங்கை மாதிரி பேசிக்கொண்டிருப்பார்கள். நானும் அப்போது காஜா பெராங்கில்தான் குடியிருந்தேன். எங்கள் வீட்டுக்கு நாலைந்து வீடு தள்ளி மாட்டுக்கொட்டகை வைத்திருந்தவர்தான் நான் சொல்ல வந்த அம்மா. பெயர் அஞ்சலை. பால் ஊற்றுகிறவர். கோயில் அபிஷேகத்துக்கு அவர் வீட்டுப் பால்தான் போகும். புருஷன் காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. மூன்று பிள்ளைகளையும் மாட்டை வைத்தே வளர்த்து ஆளாக்கினார். மூத்தவன் முத்து, நடுவன் வேலு, கடைசி ராசு.

வேலு இந்தியாவுக்குப் போவது என்று முடிவாயிற்று. ஊரில் பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. நிலத்தைப் பார்க்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். போனால் திரும்பி வந்து குடியேற முடியுமா என்று அப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. புதிய நாடு, புதிய சட்டம். நாகப்பட்டினம் கப்பலுக்கு இடம் பிடித்தாகிவிட்டது. போகும் முன் மூவரையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வீட்டில் மாட்ட வேண்டும் என்று அஞ்சலை அக்கா ஆசைப்பட்டார்.

இங்கேதான் சிக்கல். மூன்று பேராக நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது, ஆயுசு குறையும் என்பது அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பியது. தமிழர் நம்பினார்கள், சீனர் நம்பினார்கள். எங்கள் கடையில் அதற்கென்றே ஒரு பூச்சாடியும் ஒரு ரப்பர் பொம்மையும் இருந்தன. மூன்று பேர் வந்தால் பக்கத்தில் பூச்சாடியை வைத்து நாலு என்று கணக்குச் சொல்லிவிடுவோம்.

அன்று அக்கா பிள்ளைகளோடு மேல்மாடிக்கு வந்தார். வெளுத்த வெள்ளைச் சேலை, நரைத்த தலையை இழுத்து முடிந்திருந்தார், நெற்றியில் விரலால் தொட்டு வைத்த திருநீறு. நான் பூச்சாடியை எடுத்து வைத்தேன்.

"இது என்னா தம்பி?"

"நாலாவதுக்கா. எல்லாருக்கும் இப்படித்தான் வைக்கிறது."

"பூச்சாடிக்கு உசுரு இருக்கா? எமனுக்குக் கணக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

ராசு சிரித்தான். "சாமியே மூணு பேராத்தாம்மா நிக்கிறாரு. வள்ளி, தெய்வான, நடுவுல அவரு. அவருக்கு என்னா ஆச்சு?"

"அதுக்குத்தான்டா மயிலு நிக்குது" என்றார் அக்கா.

முத்து பொறுமை இழந்தவன் மாதிரி, "அப்ப நம்ம செவலையப் புடிச்சிட்டு வரட்டுமா? படியேறுமான்னு பாக்குறேன்" என்றான்.

"உன்ன விட அதுக்கு மூஞ்சி நல்லா விழும், போடா."

இவர்கள் பேசியதையெல்லாம் நான் நோன்யாவுக்கு மலாயில் சொன்னேன். அவர் கழியை ஊன்றிக்கொண்டு கேட்டார். பிறகு கழியின் நுனியால் அக்காவின் காலுக்கு முன்னால் தரையைத் தட்டினார். நாலாவது ஆள் இங்கேயே இருக்கிறாரே என்று அர்த்தம்.

அக்கா ஓரடி பின்னால் போனார். "வேணாம் தம்பி. அவங்ககிட்ட சொல்லு. புள்ள கடல் தாண்டிப் போவுது. நான் இப்படி இருக்குறவ, அவன் பக்கத்துல படத்துல நிக்கிறது நல்லா இருக்காது. ஊர்ல அவன் கல்யாணத்துக்கு அந்தப் படத்தத்தான மாட்டுவாங்க."

"உனக்குன்னு ஒரு படமும் இல்லியேம்மா" என்றான் வேலு. அதுவரை அவன் பேசவே இல்லை.

"ஏன், ஐசி அட்டையில இருக்கே."

"அது சர்க்காரு எடுத்தது."

"ஆமா, மாட்டுக்குச் சூடு போடுற மாதிரி ஒக்கார வச்சி எடுத்தான். அதுவே போதும் எனக்கு."

வேலு தலையைக் குனிந்துகொண்டான். "அப்ப எனக்குப் படமே வேணாம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னான். அக்காவின் முகம் வாடிவிட்டது. மூன்று பேராக நிறுத்தினால் நடுவனுக்கு ஆபத்து என்ற பயம். தான் கூட நின்றாலும் அவனுக்கு ஆகாது என்ற பயம். படமே இல்லாமல் அவன் போய்விட்டால் மிச்சம் எதுவும் இல்லை. அந்தத் தாய் எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாமல் நின்றார்.

மேகம் ஒன்று போயிற்று, அறை மங்கிற்று. பிறகு வேலுதான், "கையையாவது வைம்மா. என் தோள்ல" என்றான்.

"கை போதுமா? கணக்குக்கு ஆகுமா?" என்று அக்கா என்னைக் கேட்டார். நான் நோன்யாவைக் கேட்டேன். நோன்யா அந்தக் கையைப் பார்த்தார். விடியுமுன்னே எழுந்து மாடு கறந்து கறந்து கணுக்கள் தடித்த கை. "கையும் ஆள்தான்" என்றார். அக்காவுக்கு அது போதுமாயிருந்தது.

பிறகு நோன்யா படத்தைக் கட்டிய விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. வேலுவை நடுவில் வைக்கவில்லை. இடது ஓரத்தில் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார். முத்துவும் ராசுவும் வலது பக்கம் நின்றார்கள். இரண்டு பேரும் ஒரே உயரமாகத் தெரியாதபடி ராசுவை ஓரடி பின்னால் நிற்க வைத்தார். வேலுவுக்கும் அவர்களுக்கும் இடையில் ஒரு முழம் காலியாக விட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறதே என்றேன். "போகிறவனுக்கும் இருக்கிறவர்களுக்கும் நடுவில் கடல் வேண்டாமா" என்றார். துணிக்குள் போய்ப் பார்த்தேன். வலது பக்கம் இரண்டு பேருடைய பாரம், இடது பக்கம் ஒருவன், தராசு சாய்ந்து கிடந்தது. அக்கா வெளியிலிருந்து கையை நீட்டி வேலுவின் தோளில் வைத்ததும் சரியாகிவிட்டது. ஒரு சின்னக் கை இரண்டு ஆம்பிள்ளைகளின் பாரத்தைத் தாங்கிக்கொண்டது. கையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து அண்ணன் தம்பியின் முகத்துக்கு என்று கண் தானாக நடந்தது.

நோன்யா கழியைச் செங்குத்தாகத் தரையில் ஊன்றிப் பிடித்தார். அக்காவின் மணிக்கட்டுக்கு நேராக. நான் அக்காவிடம், "இந்தக் கழிதான் எல்லை. இதுக்கு அந்தாண்ட படத்துல வராது" என்று வாக்குக் கொடுத்தேன். பிறகு நோன்யா கழியை எடுத்துக்கொண்டு விலகினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு முருகா என்று சொல்லி லென்ஸ் மூடியைக் கழற்றினேன்.

இருட்டறையில், படம் விழுந்த கண்ணாடித் தட்டைக் கழுவி எடுத்தபோது நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் லென்ஸ் அகலமானது. கண்ணாடித் தட்டில் எப்போதும் வேண்டியதைவிட அதிகமாகவே விழும். அச்சுப் போடும்போது கறுப்புக் காகிதத்தை ஓரங்களில் வைத்து மறைத்து, வேண்டிய இடத்தை மட்டும் காகிதத்துக்குக் கொடுப்போம். அதனால் தட்டில் அக்கா முழுசாக விழுந்திருந்தார். தான் எல்லைக்கு வெளியே இருக்கிறோம் என்ற நினைப்பில், கேமராவை மறந்து, மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்து எந்த மனிதரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். அத்தனை வருஷ வேலையில் அந்த மாதிரி ஒரு பார்வை என் தட்டில் அதற்கு முன்னும் விழவில்லை, பின்னும் விழவில்லை.

கறுப்புக் காகிதம் வைத்து, கை வரைக்கும் மட்டும் அச்சுப் போட்டேன். படம் அழகாக இருந்தது.

வேலு படத்தை வாங்க வந்தான். வெகுநேரம் பார்த்தான். கையை மட்டும் விரலால் தொட்டான். பிறகு, "அண்ணே, அம்மா மொகம் எங்கயாச்சும் விழுந்திருக்கா?" என்று கேட்டான்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. தட்டைக் காட்டினேன். அவன் நின்றபடியே அழுதான்.

"எனக்கு இத ஒன்னு போட்டுக் குடுங்கண்ணே. அம்மாவுக்குத் தெரிய வேணாம். நான் கொண்டுபோயிர்றேன், இங்க யாரு பாக்கப் போறா?"

"நான் வாக்குக் குடுத்துட்டேன்டா."

"நான் திரும்பி வருவனான்னு தெரியாதுண்ணே."

இரண்டு பேச்சும் நியாயம். நோன்யா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "முகம் யாருடையதோ அவரைக் கேள்" என்றார். அவ்வளவுதான். திரும்பவும் வெற்றிலை மடிக்கத் தொடங்கிவிட்டார்.

தட்டைத் துணியில் சுற்றி, சைக்கிளில் மெல்ல ஓட்டிக்கொண்டு காஜா பெராங்குக்குப் போனேன். சாயங்கால வெயில் சாய்ந்திருந்தது. அக்கா கொட்டகையில் புல் போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கோபிப்பார் என்று பயந்தேன். "காட்டு" என்றார்.

கண்ணாடித் தட்டை வானத்துக்கு எதிரே பிடித்தேன். படம் எடுக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தட்டில் எல்லாம் மாறித் தெரியும். வெள்ளை கறுப்பாகும், கறுப்பு வெள்ளையாகும். அச்சில்தான் அது மறுபடி திரும்பும்.

அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "யாரு இது ஓரத்துல?"

"நீங்கதான்."

"நானா? தல கறுப்பா இருக்கு."

நரை அங்கே கறுப்பாகியிருந்தது. வெள்ளைச் சேலை கருநீலப் பட்டு மாதிரி அடர்ந்து கிடந்தது. முகம் வெளிச்சமாக இருந்தது. நெற்றியில் தொட்டு வைத்த திருநீறு, கறுத்த பொட்டாக நின்றது.

அதை அவர் கண்டுகொண்டதை நானும் கண்டேன். கை தானாக நெற்றிக்குப் போயிற்று. விரலில் ஒட்டிய திருநீற்றைப் பார்த்தார். திரும்பவும் தட்டைப் பார்த்தார். "அவுங்க இருந்தப்ப இப்படித்தான் இருந்தேன்" என்றார், எனக்கல்ல, மாட்டுக்குச் சொல்கிற மாதிரி.

கை வலித்தும் தட்டைக் கீழே இறக்கவில்லை.

"இவனுங்க ஏன் இப்படி இருக்கானுங்க?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "மூணு பேரும் கெழவனா?"

"அவுங்க தலமுடி கறுப்புக்கா. இதுல வெள்ளையாத் தெரியும்."

"வேலுவுக்குமா?"

"ஆமா."

பக்கத்தில் வந்து நின்று வேலுவை மட்டும் பார்த்தார். தும்பைப்பூப் போல் வெளுத்த தலையோடு உட்கார்ந்திருந்தான் அவன். அவன் தோளில் ஓர் இளம்பெண்ணின் கை.

"நல்லா நரைச்சிருக்கான்" என்றார். "அப்ப இருப்பான்."

"இருப்பான்க்கா" என்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நான் யோசிக்கவில்லை. முருகன் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது போலிருந்தது.

"அச்சுப் போட்டா மறுபடி மாறிடுமா?"

"மாறிடும். உள்ளது மாதிரியே வந்துடும்."

"அப்ப அச்சு வேணாம். இத இப்படியே அவன்கிட்ட குடு."

"கண்ணாடிக்கா. கப்பல்ல ஒடஞ்சிடும்."

"ஒடைக்க மாட்டான்" என்றார். புல்லுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

நோன்யாவிடம் சொன்னேன். தட்டுகளை வெளியே கொடுக்கிற வழக்கம் எங்கள் கடையில் கிடையாது. அவர் எழுந்து போய், தன்னுடைய பழைய பத்திக் சாரோங் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் சுற்றி, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துக் கட்டினோம். வேலு அதைக் கைக்குழந்தை மாதிரி வாங்கிக்கொண்டு போனான்.

கை வைத்த படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கியது. அக்கா அதற்குப் பிறகும் வெகுகாலம் பால் ஊற்றினார். அவர் காலமான அன்று, மாலை போட ஒரு படம் வேண்டும் என்று தேடினார்கள். ஐசியில் இருந்தது தபால்தலை அளவு, மாலைக்கு ஆகாது. கூடத்துப் படத்தில் உயிரோடிருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அதற்கு மாலை போட முடியாது. முத்து என்னிடம் வந்து, "அண்ணே, உங்ககிட்ட அம்மா படம் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டான். என்னிடம் இல்லை என்றேன். அது உண்மைதான். குத்துவிளக்குக்கு மாலை போட்டு வைத்தார்கள்.

பல வருஷம் கழித்து ராசு ஊருக்குப் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தான். கோயிலில் என்னைக் கண்டு, "வேலு அண்ணனுக்குத் தல சுத்தமா வெளுத்துப்போச்சுண்ணே, அடையாளமே தெரியல" என்றான். நான் சந்நிதிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டேன். கண்ணாடி முழுசாக இருக்கிறதா என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆனால் இருந்தபடியே சொல்லுங்கள். கேட்பவர்கள் மனசு ஆறட்டும் என்று, கடைசியில் நான் அந்த அம்மாவின் முகத்தையும் அச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டதாக யாரும் சேர்த்துவிட வேண்டாம். காகிதத்தில் இருந்தது கை மட்டும்தான். அதுதான் அவர் கேட்டது.